ஒன்பதாவது தொப்பி

விமானம் தரையைத் தொடுவதற்கு முன்பே மைக்செட் ஒன்பது பேருக்குத் தலைவராகிவிட்டார்.

யாரும் ஓட்டுப் போடவில்லை. அவராகவே எடுத்துக்கொண்ட பதவி. ஊரில் கல்யாணம், கட்சிக் கூட்டம், கடைத் திறப்பு விழா என்று எல்லாவற்றுக்கும் மைக்கும் ஸ்பீக்கரும் வாடகைக்கு விட்டுப் பிழைத்தவர். பெயரும் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். விழாக்காரர் மேடைக்கு வருவதற்குள் இவரே அரைமணி நேரம் பேசிவிடுவார். நாலு பேர் கூடிய இடத்தில் அவருக்கு வாயைக் கட்டிப் போட்டுக்கொண்டு உட்காரத் தெரியாது. அப்புறம் எல்லா மண்டபக்காரர்களும் சொந்தமாக ஸ்பீக்கர் வாங்கிவிட்டார்கள். பெட்டிகள் வீட்டில் தூங்கின. பக்கத்திலேயே பாய் போட்டு அவரும் தூங்கினார். கடைசியில் மனைவியின் தம்பி, கடல் தாண்டி ஒரு குடோனில் வேலை பார்ப்பவன், "இங்க ஸ்டோர்ல ஆள் கேக்கறாங்க, மாமாவை அனுப்பி வை" என்று அக்காவுக்கு போன் போட்டான். அப்படித்தான் நாற்பத்து மூன்றாவது வயதில் அவருடைய முதல் விமானப் பயணம் வாய்த்தது.

முதல் பயணம் என்பதை மட்டும் அவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஒன்பது பேரும் தையல்காரர்கள். ஒரே ஏஜெண்ட் பிடித்து அனுப்பும் ஆட்கள். ஆளுக்கு ஒரு மஞ்சள் தொப்பி. அங்கே விமான நிலையத்திலிருந்து அழைத்துப் போக வருகிறவர் தொப்பியைப் பார்த்துத்தான் ஆளைப் பொறுக்குவார். "உங்க மூஞ்சி அங்க யாருக்கும் தெரியாது. தொப்பிதான் தெரியும். கழட்டாதீங்க" என்று ஏஜெண்ட் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"அண்ணே, நீங்க அடிக்கடி இந்தப் பக்கம் வருவீங்களோ?" என்று பக்கத்து சீட்டுக்காரன் கேட்டான். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். பெல்ட்டைப் போடத் தெரியாமல் இவர் முகத்தைப் பார்த்தான்.

"வர்றதும் போறதும்தான்" என்றார் மைக்செட். அந்தப் பக்க சீட்டுக்காரர் போடுவதை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு அவனுக்கும் போட்டுவிட்டார்.

"இங்கிலீஷெல்லாம் பேசுவீங்களா?"

"நமக்கு அதெல்லாம் தண்ணி பட்ட பாடு தம்பி. நீ கவலையே படாதே. இறங்கினதும் என் பின்னாடியே வா."

அவன் முகத்தில் ஒரு நிம்மதி பரவியது. பதினைந்து வருஷமாகச் சட்டைக்கு பாக்கெட் மட்டும் தைக்கிறவனாம். பெரிய கம்பெனிகளில் அப்படித்தான், கை தைப்பவன் கை, காலர் தைப்பவன் காலர். மைக்செட் உடனே அவனுக்கு 'பாக்கெட்' என்று பெயர் சூட்டினார். காலர் தைக்கிற உயரமானவனுக்கு 'நெட்டை'. தரையிறங்குவதற்குள் ஒன்பது பேருக்கும் பெயர் வைத்து முடித்திருந்தார். அவர்கள் பங்குக்கு அவரை 'அண்ணே' என்று ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துகிற அதிகாரி நல்லவேளையாக ஒன்றும் கேட்கவில்லை. குத்தினார், அனுப்பினார். மைக்செட்டின் இங்கிலீஷ் கெட்டிக்காரத்தனம் அப்படியே சேதாரமில்லாமல் வெளியே வந்தது.

பெட்டிகள் வந்தன. ஒரே தள்ளுவண்டியில் தன் பெட்டியையும் பாக்கெட்டின் பெட்டியையும் ஏற்றி, வரவேற்க வருகிறவர்கள் நிற்கும் கூடத்துக்குத் தள்ளி வந்தார். மற்ற எட்டுப் பேரும் முன்னால் போய்விட்டார்கள். அப்போதுதான் பாக்கெட் நெளிந்தான்.

"அண்ணே, வயிறு ஒரு மாதிரி பண்ணுது."

"ஏரோப்ளேன்ல குடுத்ததையெல்லாம் விடாம தின்னா வேற எப்படிப் பண்ணும்? போயிட்டு வா. பையைக் குடு."

தோள் பையைக் கொடுத்தான். ஓடப் போனவன் திரும்பி வந்து தொப்பியையும் கழற்றிக் கொடுத்தான். "தலையில வெச்சுக்கிட்டு அங்க போறது ஒரு மாதிரியா இருக்குண்ணே."

"குடு குடு. வந்ததும் இந்த நாற்காலியில உட்காரு. நான் வந்து கூப்பிடற வரைக்கும் அசையாதே. கூட்டத்துல தொலைஞ்சு போயிடுவே."

"சரிண்ணே."

கழிவறைக்கு வெளியே ஒரே ஒரு நீல நாற்காலி. அதை இன்னொரு தரம் விரலால் காட்டிவிட்டு, பையைத் தோளில் மாட்டினார் மைக்செட். இரண்டு கையாலும் வண்டியைத் தள்ள வேண்டியிருந்தது. தொப்பியை வைக்க வேறு இடமில்லாமல் தலையில் வைத்துக்கொண்டார்.

அவர் எங்கேயும் போவதாக இல்லை. வாசல் வரை போய் மச்சான் வந்துவிட்டானா என்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம், அவ்வளவுதான். மச்சான் முதல் நாளே தெளிவாகச் சொல்லியிருந்தான்: "மாமா, எனக்கு ஷிஃப்ட் முடிஞ்சு வர கொஞ்சம் லேட்டாகலாம். வாசல் தூண் பக்கத்துல நில்லுங்க. யார் கூப்பிட்டாலும் போயிடாதீங்க." கேட்டு அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. அக்கா கல்யாணத்தில் மூக்கு ஒழுகிக்கொண்டு நின்ற பயல் தனக்கு வழி சொல்கிறான். வாயில்லாப் பூச்சி என்று அவர் ஊரெல்லாம் கேலி செய்த மச்சான் அவன்.

கண்ணாடிக் கதவு திறந்ததும் வெக்கை வந்து முகத்தில் ஈரத்துணி மாதிரி ஒட்டியது. மச்சான் இல்லை. எட்டு மஞ்சள் தொப்பிகள் மட்டும் வரிசையாக நின்றன. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட குட்டையான ஆள் ஒருவர் ஒவ்வொரு தொப்பியாகத் தட்டி எண்ணிக்கொண்டிருந்தார். எட்டில் வந்து நின்றவர், மைக்செட்டின் தலையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. ஒன்பது.

அந்த ஆள் கடகடவென்று ஏதோ கேட்டார். இங்கிலீஷாக இருக்கலாம். வேறு பாஷையாகவும் இருக்கலாம். மைக்செட்டுக்கு ஒரு எழுத்துகூடப் பிடிபடவில்லை.

"இருங்கப்பா, அண்ணன் பேசுவார்" என்றான் நெட்டை.

பதினாறு கண்கள் அவரைப் பார்த்தன. 'புரியலை, இன்னொரு தரம் சொல்லுங்க' என்று சைகையிலாவது கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்டால் விமானத்தில் விட்ட உதார் எல்லாம் அந்த இடத்திலேயே பஞ்சராகிவிடும். மைக்செட் கழுத்தை நிமிர்த்தினார்.

"யெஸ், யெஸ். நோ ப்ராப்ளம்."

அந்த ஆள் மறுபடியும் எதையோ கேட்டு உள்பக்கம் கை காட்டினார்.

"யெஸ். நோ ப்ராப்ளம்" என்றார் மைக்செட், இந்தத் தடவை இன்னும் கம்பீரமாக.

அவ்வளவுதான். தள்ளுவண்டி பறிக்கப்பட்டது, பெட்டிகள் வேனுக்குள் போயின, முதுகில் ஒரு கை அன்பாகத் தள்ளியது. மச்சான்தான் வர முடியாமல் இந்த வண்டியை அனுப்பியிருக்கிறானோ என்று ஒரு நொடி தோன்றியது. அந்த ஒரு நொடியில் அவர் ஏறி உட்கார்ந்துவிட்டார். அடுத்த நொடியில் கதவு சாத்தப்பட்டது.

அந்தக் குட்டை ஆளே வேனை ஓட்டினார். சாலையில் கலந்த பிறகு நெட்டை கேட்டான். "அண்ணே, பாக்கெட் எங்கே?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நிறுத்தச் சொல்லிக் கத்தியிருந்தால்கூடப் போதும். ஆனால் நிறுத்து என்பதற்கு அந்த டிரைவரிடம் என்ன சொல்வது? கத்தினால் அந்த ஆள் திரும்பிக் கேள்வி கேட்பார். அதற்கும் யெஸ் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.

"பின்னாடி வண்டியில வர்றான்" என்றார் மைக்செட். "நான் பேசிட்டேன்."

"அவன் பெட்டி இதுல இருக்கே?"

"அதுல இடமில்லேன்னாங்க. இதுல போடச் சொன்னேன்."

"நீங்க எங்க கம்பெனிதானாண்ணே? சொல்லவே இல்லையே?"

"எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணுதான்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே வாழை இலை அளவு இலைகளோடு மரங்கள் ஓடின. பின்னாடி வண்டி ஏதும் வரவில்லை. ஒருவேளை வரலாம் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். தான் சொன்ன பொய்யையே நம்பிக் காத்திருந்தார் மனுஷன்.

நீளமான தகரக் கூரை போட்ட கட்டடம். உள்ளே நுழைந்ததும் நூற்றுக்கணக்கான மெஷின்களின் இரைச்சல். குடோன் இல்லை இது. பாக்கெட் வேலைக்கு வந்த இடம் இது.

சாப்பாட்டு அறையில் ஒன்பது தட்டு வைத்திருந்தார்கள். சோறு, குழம்பு, ஒரு பொரியல். ஒன்பதாவது தட்டை அவர் முன்னால் நகர்த்தினார்கள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. விமானத்தில் பேச்சு மும்முரத்தில் சாப்பாட்டைத் தொடாததால், முந்தின நாள் ராத்திரியிலிருந்து பசி. சாப்பிட்டார். நெட்டை தன் பங்குப் பொரியலையும் அவர் தட்டில் தள்ளினான்.

பிறகு ஐம்பது வயதுப் பெண் ஒருவர் வந்தார். கழுத்தில் அளவு நாடா. மூக்கு நுனியில் கண்ணாடி. வந்ததும் வராததுமாகத் தமிழிலேயே ஆரம்பித்தார்.

"நான்தான் இந்தத் தையல் லைனுக்குப் பொறுப்பு. எல்லாரும் லைன் அம்மான்னு கூப்பிடுவாங்க, நீங்களும் அப்படியே கூப்பிடலாம். தொப்பியைக் கழட்டி இந்தக் கூடையில போடுங்க. ஒன்பது. சரி. முன்னாடியே ஒரு விஷயம் சொல்லிடறேன். போன தடவை ஒருத்தன் ஏர்போர்ட்லயே நழுவிட்டான். வேற எங்கயோ வேலை பார்க்கலாம்னு நினைப்பு. ஆள் வரலேன்னா நான் எழுதிக் குடுத்துடுவேன். அப்புறம் பிடிச்சு ஊருக்கு அனுப்பிடுவாங்க. மறுபடி இந்த நாட்டுல கால் வைக்க முடியாது. நீங்கல்லாம் ஒழுங்கா வந்து சேர்ந்தீங்க, சந்தோஷம்."

மைக்செட்டின் முகத்தில் ஈயாடவில்லை. இப்போது உண்மையைச் சொன்னால் பாக்கெட் நழுவினவன் ஆகிவிடுவான். சொல்லாவிட்டால்? அவருக்கு ஒரு யோசனை வந்தது. யாருக்கும் தெரியாமல் ஒரு போன் போட்டு மச்சானிடம் சொல்லிவிட்டால் அவன் போய் பாக்கெட்டைப் பார்த்துக்கொள்வான். யார் முன்னாலும் தலைகுனிய வேண்டாம்.

கழிவறைக்குப் போகிற மாதிரி நழுவி கேட்டுக்கு வந்தார். அவருடைய போன் இந்த நாட்டில் வெறும் கடிகாரம்தான். காவலாளியிடம் கட்டை விரலையும் சுண்டு விரலையும் நீட்டிக் காதில் வைத்துக் காட்டினார். "போன். மை மச்சான். ஏர்போர்ட். மேன் சிட்டிங்."

காவலாளி பரிவோடு தலையாட்டினார். உள்ளே போய் ஒரு குடையை எடுத்து வந்து கையில் கொடுத்தார். அந்த நிமிஷம்தான் மழை ஆரம்பித்தது. மழையா அது, வானத்தில் யாரோ தொட்டியைத் திறந்துவிட்ட மாதிரி. குடையோடு கொஞ்ச நேரம் அசட்டுத்தனமாக நின்றுவிட்டு மைக்செட் உள்ளே திரும்பினார்.

உள்ளே ஒவ்வொருவருக்கும் ஒரு மெஷின் ஒதுக்கியிருந்தார்கள். கைப்பழக்கம் பார்க்க ஆளுக்கு ஒரு சட்டை பாக்கெட் தைக்க வேண்டும். காலியாக இருந்த ஒன்பதாவது மெஷின் அவருக்காகக் காத்திருந்தது.

உட்கார்ந்தார். மிதியில் கால் வைத்தார். மெஷின் வெறிபிடித்த மாதிரி ஓடியது. துணி சுருண்டு ஊசிக்கடியில் போய்ச் சிக்கிக்கொண்டது. விரல் தப்பியது அதிர்ஷ்டம்.

பக்கத்து மெஷினில் இருந்த நெட்டை எட்டிப் பார்த்தான். அவன் கண்ணில் கேள்வி இல்லை, குறும்புதான் இருந்தது. "அண்ணே, உங்களுக்கு வாய் வேலைதான் போல. கை வேலையை நம்மகிட்ட விடுங்க." லைன் அம்மா முதுகைத் திருப்பிய நேரம் பார்த்து அவர் துணியை உருவி, இரண்டே நிமிஷத்தில் தைத்து அவர் முன்னால் போட்டுவிட்டான். "எங்களுக்காக ஏர்போர்ட்ல நீங்க பேசினீங்க இல்ல. அதுக்கு இது."

அதைக் கேட்டதும் மைக்செட்டுக்கு எங்கேயாவது புதைந்துகொள்ளலாம் போலிருந்தது. மழைச் சத்தத்தில் மெஷின் சத்தம்கூட அமுங்கியது.

லைன் அம்மா ஒவ்வொரு துணியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். இவர் மேஜைக்கு வந்ததும் நின்றார். பாக்கெட்டின் மூலையை நகத்தால் நிமிண்டிப் பார்த்தார்.

"மூலை நல்லா மடிஞ்சிருக்கு. பழைய கையா? உங்களை சாம்பிள் மேஜையில போடறேன். ஏசி ரூம். சம்பளமும் கொஞ்சம் சேர்த்துக் கிடைக்கும்."

நெட்டை மெஷினுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தான். மைக்செட் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததைப் பிற்பாடு அவரால் எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியவில்லை. ஏசி ரூம் என்ற வார்த்தை அவர் மனசுக்குள் போய் ஒரு நிமிஷம் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் எழுந்தது.

"என்ன பேச்சையே காணோம். கண்ணாடி போடுவீங்களா? சாம்பிள் வேலைக்குக் கண் நல்லா தெரியணும்."

"இருக்குங்க, பையில இருக்கு" என்று சமாளித்தார். பையைத் திறந்து கையை விட்டார். அது அவர் பையே இல்லை என்பது உள்ளே கை போன பிறகுதான் உறைத்தது.

முதலில் ஒரு போன் அகப்பட்டது. அடுத்து பிளாஸ்டிக் உறையில் கம்பெனியின் கடிதமும் விலாசமும். பிறகு ஒரு சின்னப் பெண் குழந்தையின் போட்டோ. அடியில், ரப்பர் பேண்ட் போட்ட ஒரு பர்ஸ்.

பர்ஸைத் தொட்ட கை அப்படியே நின்றது.

பாக்கெட்டிடம் ஒரு வாய் தண்ணீர் வாங்கக்கூடக் காசில்லை. பெட்டி, துணி, விலாசம், எதுவும் இல்லை. அவனிடம் இருப்பது சட்டைப் பையில் ஒரு பாஸ்போர்ட்டும், அசையாதே என்று இவர் சொல்லிவிட்டுப் போன வார்த்தையும்தான். விடிகாலையில் சொன்னது. இப்போது மத்தியானம் தாண்டிவிட்டது.

"மேடம்" என்றார். மழை இரைச்சலில் பாதிதான் கேட்டது. ஆயிரம் பேருக்கு முன்னால் மைக் இல்லாமல் பேசுகிற தொண்டை அது. "நான் டெய்லர் இல்லைங்க."

"என்னது?"

"நான் மைக்செட்டுங்க."

"அப்படின்னா?"

"ஸ்பீக்கர் வாடகைக்கு விடறவன்."

பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். அண்ணன் ஜோக் அடிக்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். லைன் அம்மா மட்டும் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்புறம் இங்க எதுக்கு வந்தீங்க?"

"வண்டியில ஏத்தினாங்க."

"ஏத்தினா ஏறிடுவீங்களா?"

மைக்செட் பையைத் தூக்கி மேஜைமேல் வைத்தார்.

"அப்ப எங்க ஆள் எங்கே?"

"ஏர்போர்ட்ல இருக்கான் மேடம். பாத்ரூம் போனான். அவன் தொப்பி, அவன் பை, அவன் பெட்டி, எல்லாம் என்கிட்ட இருக்கு."

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. நெட்டையின் சிரிப்பும் நின்றது. "பின்னாடி வண்டியில வர்றான்னு சொன்னீங்களேண்ணே" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. புரியாமல் கேட்கிற குழந்தை மாதிரி கேட்டான். "பேசிட்டேன்னு சொன்னீங்களே."

"பேசலைப்பா" என்றார் மைக்செட்.

"அந்தத் துணியைத் தச்சது?" என்று லைன் அம்மா கேட்டார். நெட்டை எழுந்து நின்று தலையைக் குனிந்துகொண்டான். தான் மட்டும் அவமானப்பட்டால் போதாதென்று, பாவம், அவனையும் இழுத்துவிட்டாயிற்று.

லைன் அம்மா நேரத்தைப் பார்த்தார். "இத்தனை நேரம் ஒரு மனுஷன் அங்கயே இருப்பானா? வெளிய போயிருப்பான். நான் மேல எழுதித்தான் குடுக்கணும்."

"போக மாட்டான் மேடம். அங்கயேதான் இருப்பான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் வர்ற வரைக்கும் அசையாதேன்னு சொல்லியிருக்கேன்."

சொல்லி முடித்ததும்தான் அந்த வாக்கியத்தின் கனம் அவருக்கே தெரிந்தது. லைன் அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குட்டையான டிரைவரைக் கூப்பிட்டார்.

காலையில் எட்டுப் பேரோடு வந்த அதே வேனில், இரண்டு பெட்டிகளோடும் லைன் அம்மாவோடும் திரும்பிப் போனார் மைக்செட். மழையில் வண்டிகள் ஊர்ந்தன. டிரைவர் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டி என்னவோ முறையிட்டுக்கொண்டே ஓட்டினார்.

"என்ன சொல்றாருங்க?" என்று கேட்டார் மைக்செட். அன்றைக்கு முழுக்க அவர் வாய்விட்டுக் கேட்ட முதல் உண்மையான கேள்வி அது.

"தன் மேல தப்பில்லேங்கறார். 'இவ்வளவுதானா, உள்ளே இன்னும் யாராவது வரணுமா'ன்னு உங்களைக் கேட்டாராம். நீங்க யெஸ், நோ ப்ராப்ளம்னு சொன்னீங்களாம். சரியாப் புரியலையேன்னு, 'காத்திருக்கட்டுமா, கிளம்பட்டுமா'ன்னு இன்னொரு தரம் கேட்டாராம். அதுக்கும் நோ ப்ராப்ளம்னீங்களாம்."

மைக்செட் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

மனசு மட்டும் சும்மா இல்லை. பாக்கெட்டிடம் என்ன சொல்வது என்று விதவிதமாக ஒத்திகை பார்த்தது. 'அந்த ஆள் கையைப் பிடிச்சு இழுத்துட்டான் தம்பி.' 'உன்னைத் தேடி வரத்தான் ஏறினேன்.' எல்லாமே கேட்க நன்றாகத்தான் இருந்தன. அவருக்கு இந்த மாதிரி விஷயங்கள் எப்போதுமே நன்றாக வரும்.

விமான நிலையத்துக்குள் ஓடினார். நீல நாற்காலி காலியாக இருந்தது.

தரை துடைக்கிற பெண் ஒருத்தி நாற்காலியை நகர்த்திவிட்டு அதன் அடியில் துடைத்துக்கொண்டிருந்தாள். லைன் அம்மா வந்து நின்று நாற்காலியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், கைப்பையிலிருந்து போனை எடுத்தார். "நான் சொன்னேனில்ல."

"ஒரு நிமிஷம் மேடம். உள்ளே போயிருப்பான்." கழிவறைக்குள் போய் ஒவ்வொரு கதவாகத் தட்டினார். "தம்பி, பாக்கெட்" என்று கத்தினார். அவனுடைய சொந்தப் பெயர் என்ன என்று அவருக்குத் தெரியாது. பெயர் வைத்தாரே தவிர, பெயர் கேட்கவில்லை.

வெளியே வந்தபோது, "மாமா" என்று ஒரு குரல்.

மச்சான். குடோன் சீருடை முதுகோடு ஒட்டியிருந்தது. ஓடி வந்து அவர் தோளைப் பிடித்தான், கை காலெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறவன் மாதிரி. "எங்க மாமா போயிட்டீங்க? அக்கா அங்க அழுதுக்கிட்டு இருக்கு."

அவனுக்குப் பின்னால், முகத்தைக் கழுவிச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு, பாக்கெட் வந்தான். கையில் பாதி குடித்த தண்ணீர் பாட்டில். இவரைப் பார்த்ததும் அவன் முகம் முழுசாகச் சிரித்தது.

"நான் சொன்னேனில்லண்ணே" என்று மச்சானிடம் சொன்னான். "அண்ணன் வந்துடுவார்னு."

மச்சான்தான் நடந்ததைச் சொன்னான். வழக்கம்போல நாலே வாக்கியம். இவர் போட்டோவை போனில் வைத்துக்கொண்டு எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறான். பெட்டியில்லை, வேலைக் கடிதமில்லை, நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறான் என்று போலீஸ்காரர்கள் ஒருவனைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். அவன் போட்டோவைப் பார்த்துவிட்டு 'எங்க அண்ணன்' என்றிருக்கிறான். மச்சான் தன் வேலை அட்டையைக் கொடுத்து, இவருக்கு நான் பொறுப்பு என்று சொல்லி, பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். ஷிஃப்ட் முடித்து நேராக வந்தவன் இன்னும் தூங்கவில்லை.

"எல்லாம் என்னாலதான்ணே" என்றான் பாக்கெட். "உள்ள ரொம்ப நேரம் ஆக்கிட்டேன். வயித்தைப் பிடிச்சுக்கிட்டு எழுந்திருக்கவே முடியல. என்னைக் காணோம்னு எங்கெல்லாம் தேடி அலைஞ்சீங்களோ. என் பெட்டியை வேற சுமந்துக்கிட்டு."

லைன் அம்மா போனைப் பைக்குள் போட்டார். "சரி. ஆள் கிடைச்சாச்சு. நான் ஒண்ணும் எழுதலை. கிளம்பலாம் வாங்க."

தப்பிக்க ஒரு கதவு திறந்திருந்தது. மைக்செட் ஒன்றுமே சொல்ல வேண்டியதில்லை. லைன் அம்மாவுக்கு ஆள் கிடைத்ததே போதும். மச்சானுக்கு ஒன்றும் தெரியாது. அலைந்து தேடிய அண்ணனாகவே இருந்துவிடலாம். சாயங்காலம் வரை. அல்லது நெட்டை பாக்கெட்டின் பக்கத்து மெஷினில் உட்காருகிற வரை.

நெட்டையின் வாயாலேயே பாக்கெட் தெரிந்துகொள்ளட்டும் என்றும் ஒரு கணம் நினைத்தார். அந்த நினைப்பில்தான் அவருக்குத் தன் மேலேயே குமட்டியது.

"நான் உன்னைத் தேடலை தம்பி."

பாக்கெட் சிரித்தபடியே நின்றான்.

"உன் தொப்பியைப் போட்டுக்கிட்டு உன் வண்டியில ஏறிப் போயிட்டேன். அந்த ஆள் பேசினது எனக்குப் புரியலை. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் இதுக்கு முன்னாடி ஏரோப்ளேன்ல ஏறினதும் இல்லை. கேட்டா அசிங்கம்னு யெஸ் யெஸ்னு சொன்னேன். உங்க ஆளுங்க உன்னைக் கேட்டாங்க. பின்னாடி வண்டியில வர்றான்னு சொல்லிட்டேன். உனக்கு வெச்ச சோத்தைத் தின்னேன்."

இவ்வளவையும் அவர் மெதுவான குரலில் சொன்னார். மச்சான் தலையைக் குனிந்து தன் செருப்பைப் பார்த்தான். மாமா அவமானப்படுகிற இடத்தில் நிற்பது அவனுக்கே வெட்கமாக இருந்தது போல.

பாக்கெட்டின் முகத்தில் சிரிப்பு உடனே போகவில்லை. போகத் தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே தங்கியிருந்தது.

"வண்டி கிளம்பும்போது" என்று ஆரம்பித்தான். தண்ணீர் பாட்டிலின் மூடியை இறுக்கித் திருகினான். "என் ஞாபகம் வந்துச்சாண்ணே?"

வரவில்லை என்று சொன்னால், மறந்துபோன மனுஷன் என்று விட்டுவிடுவான். மறதிக்கு யாரிடமும் மன்னிப்பு உண்டு.

"வந்துச்சு" என்றார் மைக்செட்.

பாக்கெட் தலையாட்டினான். கையை நீட்டினான். அவர் தோளிலிருந்து பையைக் கழற்றிக் கொடுத்தார். அவன் அதை வாங்கித் தோளில் மாட்டிக்கொள்ளவில்லை. அந்த நீல நாற்காலியில் வைத்தான். மண்டிபோட்டு ஜிப்பைத் திறந்தான். போனை எடுத்துப் பார்த்து ஓரமாக வைத்தான். கடிதத்தை உறையிலிருந்து வெளியே எடுத்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். குழந்தையின் போட்டோவைச் சட்டையில் துடைத்தான். பிறகு, இவருக்கு முதுகு காட்டித் திரும்பிக்கொண்டு, பர்ஸின் ரப்பர் பேண்டைக் கழற்றினான்.

மைக்செட் அங்கேயே நின்றார். தள்ளிப் போய் நிற்கலாம் என்று கால்கள் கேட்டன. போகவில்லை. அவன் பார்த்து முடிக்கட்டும் என்று, கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, கடைக்காரன் முன்னால் நிறுத்தப்பட்ட பிக்பாக்கெட்காரன் மாதிரி நின்றார்.

கடைசியில் ஜிப்பை இழுத்து மூடும் சத்தம் கேட்டது. பாக்கெட் எழுந்தான். பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டான். தூக்க முன்னால் வந்த மைக்செட்டின் கையைத் தட்டவும் இல்லை, கவனிக்கவும் இல்லை.

"எல்லாம் சரியா இருக்குங்க மேடம்" என்றான். லைன் அம்மாவிடம்தான் சொன்னான். "போலாங்க."